புரட்டாசியில் திம்சம்

புரட்டாசியில் திம்சம் கடைக்கு, அதாவது சீனக் காலைப் பலகாரக் கடைக்கு, போகலாமா கூடாதா என்ற வழக்கு மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் விசாரணைக்கு வரும். அம்மாவுக்குச் சனிக்கிழமை மட்டும் சைவம். அப்பாவின் விரதம் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். காரில் ஏறிவிட்டால் அவருக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். மாதம் முழுக்கக் கவுச்சி தொடாதவர் அத்தை ஒருவரே. இந்த முறை தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான், நானும் மகளும் கோலாலம்பூரிலிருந்து போயிருந்தோம், கிழமையும் ஞாயிறு. தீர்ப்பு அப்பா பக்கம் சாய்ந்துவிட்டது.

"நீங்க எல்லாம் பசியாறுங்க. நான் சும்மா தேத்தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்று அத்தையும் காரில் ஏறிக்கொண்டார். அத்தை சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஈப்போவில் திம்சம் என்றால் லியோங் சின் நாம் சாலை. ஃபூ சான், மிங் கோர்ட் என்று வெளியூர்க்காரர்கள் பேர் சொல்லித் தேடி வரும் கடைகள் அங்கேதான். அப்பா போகும் கடை வேறு. பேர் வேண்டாம், ஏற்கெனவே அங்கே இடம் கிடைப்பதில்லை. டோக்கன், வரிசை எதுவும் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர் எழுந்ததும் நாம் உட்காரலாம். அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்று சொல்லி வளர்த்த அம்மாவே இங்கே எங்களை ஆளுக்கொரு மேசைக்கு அனுப்பி நிற்க வைப்பார்.

எந்த மேசைக்குப் பின்னால் நிற்பது என்பதில் அப்பா கெட்டிக்காரர். சீன நாளிதழை விரித்து வைத்திருக்கும் கிழவர் பக்கமே போகக்கூடாது, மதியம் வரை எழமாட்டார். தேநீர்க் குடுவையின் மூடியைத் திறந்து சாய்த்து வைத்திருந்தால் மறுபடி வெந்நீர் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் நின்று பயனில்லை. முட்டை டார்ட் வந்து, பல்குச்சி டப்பா கைமாறத் தொடங்கிய மேசைதான் மேசை. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து அப்பா போய் நின்றார். அந்தக் குடும்பத்துப் பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு டார்ட் எடுத்துக் கடித்தார்.

ஒருவழியாக உட்கார்ந்தோம். அடுத்தது அப்பா தென்சீனப் பேச்சுமொழியான கேண்டனீஸில் ஆர்டர் சொல்லும் வைபவம்.

அப்பா ஈய லம்பத்தில், அதாவது வெள்ளீயச் சுரங்கத்தில், மெக்கானிக்காக இருந்தவர். ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே மண்ணைத் தோண்டும் பெரிய ஈயக் கப்பல்கள் வெள்ளைக்காரக் கம்பெனிகள் கொண்டுவந்தவை. பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கும் லம்பங்கள் பெரும்பாலும் தவுக்கே எனப்படும் சீன முதலாளிகளுடையவை. பம்பு ரிப்பேரையும் கேண்டனீஸையும் அப்பா அங்கே சேர்த்தே கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேசுவதில் பாதி பெண்பிள்ளைகள் காதில் விழக்கூடாதது என்று தவுக்கேயே ஒருமுறை அம்மாவிடம் சொன்னாராம். எங்களுக்கு என்ன தெரியும்? அப்பா வாயைத் திறந்தால் மூங்கில் கூடைகள் வருகின்றன, பெரிய பண்டிதர் போலிருக்கிறது என்று நம்பினோம்.

இந்த முறை வந்த சீனப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அப்பா கேண்டனீஸில் நீட்டி முழக்கினார். அவள் பொதுச் சீனமான மாண்டரினில் ஏதோ பதில் சொன்னாள். அப்பா இன்னும் சத்தமாகக் கேண்டனீஸில் சொன்னார். மாண்டரின் வழிப் பள்ளியில் படித்த இந்தத் தலைமுறையில் பலருக்கு வீட்டிலும் மாண்டரின்தான். ஈப்போவிலேயே கேண்டனீஸ் சரளமாக வராத சீனப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். முழங்கை வரை மாவோடு ஒரு மியன்மார் பையன் வந்தான். வந்தவன் பிரமாதமான கேண்டனீஸில் "அங்கிள், எத்தனை பேர், என்ன தேத்தண்ணி?" என்று கேட்டதோடு, அப்பா சொன்ன ஒரு பண்டத்தின் பேரைத் திருத்தியும் விட்டான்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிது. ஒரு தமிழரும் ஒரு மியன்மார்க்காரரும் கேண்டனீஸில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அந்தச் சீனப் பெண் என் பக்கம் குனிந்து மலாயில், "என்ன பேசிக்கிறாங்க, அக்கா?" என்றாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்.

தேநீர் வந்தது. போ லெய் இலையோடு செவ்வந்திப் பூ போட்டது; எண்ணெய்ப் பண்டத்துக்கு அதுதான் சரி என்பது அப்பாவின் சட்டம். முதல் தேநீர் குடிப்பதற்கு இல்லை, கிண்ணத்தையும் குச்சியையும் அலம்ப. அப்புறம் ஒருவர் ஊற்றினால் மற்றவர் இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்ட வேண்டும், அது நன்றி. சீனாவின் சியன்லோங் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது கூட வந்தவர்களுக்குத் தன் கையால் தேநீர் ஊற்றினாராம். காலில் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் விரலை மடக்கி மேசையிலேயே விழுந்து வணங்கினார்களாம். கதைதான். ஆனால் என் மகள் அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் ரசம் ஊற்றினாலும் தட்டுகிறாள்.

அப்பாவின் தலையாய சட்டம், பாவ் என்ற அவித்த சீன ரொட்டியை முதலில் தொடக்கூடாது. "மாவைத் தின்னு வயித்தை ரொப்பிட்டா ஹார் காவுக்கு இடம் ஏது?" ஹார் காவ் என்றால் இறால் வைத்து அவித்த சீனக் கொழுக்கட்டை. எங்கள் சிறுவயதில் பன்றி இறைச்சி வைத்த சார் சியூ பாவை மேசையில் வைத்துவிட்டு, கடைசியில்தான் அனுமதிப்பார். அதற்குள் ஆறிக் கல்லாகியிருக்கும்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருவோம். தேத்தண்ணி மட்டும் என்றவர், முதல் தட்டு வந்ததும் "இது என்ன, கிழங்கா?" என்றார். சேம்பங்கிழங்கு வடைதான், மேலெல்லாம் வலைப்பின்னலாகப் பொரிந்து பார்க்க அழகாக இருந்தது. உள்ளே பன்றி இறைச்சி. முள்ளங்கிப் பணியாரம் வந்தது. முள்ளங்கிதானே? ஆமாம், அதோடு காய்ந்த இறாலும் சீன சாசேஜும். கீரைத் தட்டு வந்தபோது அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பளபளவென்று மேலே ஊற்றியிருந்தது சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ். ஒவ்வொரு முறையும் மியன்மார் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பது என் வேலை. அவனும் ஒவ்வொரு முறையும் மிகுந்த வருத்தத்தோடு தலையை ஆட்டினான். இதற்கிடையில் அத்தைக்கு நேர் எதிரே என் மகள் கறுப்பு அவரை ஊறிய கோழிக்கால் ஒன்றை எடுத்து, விரல் விரலாகச் சப்பி, எலும்பைத் தட்டோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெருமாளே" என்றார் அத்தை. பக்தியா பசியா தெரியவில்லை.

கடைசியில் சிவப்புப் பயறு வைத்த எள் உருண்டை ஒன்று அகப்பட்டது. அந்தப் பயறைப் பன்றிக் கொழுப்பில் கிளறுகிற கடைகளும் உண்டு. நான் கேட்கப் போனதை அம்மா கண்ணால் தடுத்துவிட்டார்.

அப்போதுதான் ஹார் காவ் வந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி அடங்க, மெல்லிய தோலுக்குள் இறாலின் இளஞ்சிவப்பு தெரிந்தது. ஒரு பக்கம் சின்னச் சின்ன மடிப்பு. கீழே காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, குச்சியால் அவசரமாக எடுத்தால் தோல் கிழிந்து இறால் தனியே விழும். அம்மா எப்போதும் கரண்டியை அடியில் கொடுத்துத்தான் எடுப்பார். எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு பகை இருக்கிறது.

1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தையே நிறுத்தினார்கள். விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் காசு தீர்ந்துபோனது. விலை விழுந்தது, கிந்தாவில் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின, அப்பாவின் லம்பமும் மூடியது. ஞாயிற்றுக்கிழமை திம்சம் நின்றது. எங்களுக்கு ஈயம் தெரியாது, ஹார் காவ்தான் தெரியும். நானும் தம்பியும் வாரம் தவறாமல் அழுதோம். பொறுக்க முடியாமல் அம்மா ஒரு ஞாயிறு தானே செய்ய உட்கார்ந்தார். கொழுக்கட்டை மாவு, உள்ளே காய்ந்த இறாலும் வெங்காயமும்.

கண்ணாடி போன்ற தோல் வருவதற்குக் கோதுமையில் பசைச்சத்தை நீக்கிய வெறும் மாச்சத்து வேண்டும், கொஞ்சம் மரவள்ளி மாவு வேண்டும், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும். அரிசி மாவு எத்தனை மெல்லிசாகத் தட்டினாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஈப்போவில் நாங்கள் இருந்த புந்தோங்கில் அந்தக் காலத்தில் அம்மாவுக்கு இதை யார் சொல்வது? இட்லிப் பானையிலிருந்து இறக்கி வைத்ததை அப்பா மூன்று சாப்பிட்டுவிட்டு, "இறால் கொழுக்கட்டை நல்லா இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அம்மா அவரிடம் எத்தனை நாள் பேசவில்லை என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

அப்பா பிறகு மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்ந்தார், திம்சமும் திரும்பியது. அப்போதெல்லாம் மேசையில் இருக்கும் காலிக் கூடையையும் தட்டையும் எண்ணித்தான் பில். தம்பிக்கு முட்டை டார்ட் வைக்க இடம் போதவில்லை. நாங்கள் பார்க்காத நேரத்தில் காலிக் கூடைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து மேசைக்குத் தள்ளியிருக்கிறான். அங்கே தனியாக நாளிதழ் படித்துக்கொண்டிருந்த சீனத் தாத்தாவுக்குப் பெரிய குடும்பத்துக்கான பில் வந்தது. அவர் கத்துகிறார், கடைக்காரம்மா கூடைகளைக் காட்டிக் கத்துகிறார். எங்கள் மேசையில் கேண்டனீஸ் புரிந்த ஒரே ஆள் அப்பா. அவர் திடீரென்று தேநீரில் ஆழ்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பி இன்னொரு கூடையைத் தள்ளினான். தாத்தா கண்டுவிட்டார். ஒரு நிமிடம் அவனையே பார்த்தவர், சிரித்துக்கொண்டே எல்லாக் கூடைகளையும் அள்ளி எங்கள் மேசையில் வைத்தார். அவர் சாப்பிட்ட இரண்டையும் சேர்த்து.

இப்போது எல்லாம் கணினியில் ஏறிவிடுகிறது, கூடை தள்ளிப் பயனில்லை. மிச்சமிருப்பது பில்லுக்கான சண்டை மட்டும். அப்பா கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் நழுவினார். தம்பி பின்னாலேயே ஓடினான். நான் கைப்பேசியைத் திறந்து கியூஆர் குறியீட்டைத் தேடினேன். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது கல்லாவில் இருந்தவர், பணம் கட்டியாகிவிட்டது என்றார். அத்தை வாசலில் நின்று சில்லறையைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஏம்மா கட்டினே? ஒரு உருண்டைதானே தின்னே?" என்று அப்பா குதித்தார்.

"அதான் அண்ணே, நீங்க எல்லாம் தின்னதை நான்தானே உட்கார்ந்து எண்ணிட்டு இருந்தேன்."

அத்தையின் இன்னொரு கையில் பெரிய பை. இறைச்சி வைத்த சியூ மாயும் ஹார் காவும் தப்பாவ், அதாவது பார்சல், கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் ஃபிரீசரில் வைத்து, மேலே ஒரு தாளில் 'ஐப்பசி 1' என்று எழுதி ஒட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

புரட்டாசி முடிந்த அன்று காலையிலேயே வந்து பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். சியூ மாய் எல்லாம் இருக்கிறது, ஹார் காவில்தான் நான்கு குறைகிறதாம். அம்மாவைக் கேட்டால் தனக்குத் தெரியாது, தான் சனிக்கிழமை சைவம் என்கிறார். அப்பா, காது சரியாகக் கேட்கவில்லை என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாராம்.