கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி: கையால் செய்யும் நரம்பு சிகிச்சை

கழுத்தில் நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) அழுந்திக் கைக்கு வலி இறங்குகிறவர்களில் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். வலி தாங்காதபோது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கை மேலே போனதும் நரம்பு வேரின் இழுப்பு தளர்கிறது, சுருக்கென்ற வலி கொஞ்சம் அடங்குகிறது.

அப்படியிருக்க, சிகிச்சை என்று சிலர் இந்த நரம்பைப் போய் 'ஸ்ட்ரெட்ச்' செய்கிறார்கள். தசைக்குச் சரிப்பட்டது நரம்புக்குச் சரிப்படாது. நரம்புக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. முயல் நரம்பில் நடந்த சோதனைகளில், நரம்பு 8 சதவீதம் நீண்டதுமே சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) ஓட்டம் தடைபட ஆரம்பித்தது. 15 சதவீதத்தில் ரத்த ஓட்டம் நின்றே போனது. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் நரம்பு இதைத் தாங்காது.

பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் இறுகும். ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனையை விட்டுக் கொடுத்தால் மடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். பிசியோதெரபி ஆய்வாளர்கள் மிஷேல் கோப்பிட்டர்ஸும் டேவிட் பட்லரும் இதை இறந்தவர்களின் உடலில் அளந்து 2008இல் வெளியிட்டார்கள். மணிக்கட்டருகே மீடியன் நரம்பு (முன்கையின் நடுவே ஓடி உள்ளங்கைக்குப் போகும் நரம்பு), ஒரு முனையை விட்டுக்கொடுத்து ஓடவிடும் முறையில் 12.6 மி.மீ. நகர்ந்தது, இரு முனையையும் இழுக்கும் முறையில் 6.1 மி.மீ.தான்.

முதலில் எந்த வேர் என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் சி6 (கழுத்தின் ஆறாவது நரம்பு வேர்), நடுவிரல் என்றால் சி7, சுண்டுவிரல் என்றால் சி8. பிறகு இழுவைச் சோதனை, அதாவது நரம்பை மெல்ல இழுத்து வலி வருகிறதா என்று பார்ப்பது. மல்லாக்கப் படுக்க வைத்து, தோள் மேலேறாமல் பிடித்து, கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி விலக்கி, உள்ளங்கை மேலே பார்க்க மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, கடைசியாக முழங்கையை மெல்ல நீட்ட வேண்டும். அவருடைய அந்த வலி எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் புதிதாகச் சிகிச்சை பழகுபவர்கள் சறுக்குகிறார்கள். எந்தக் குறையும் இல்லாதவருக்கும் இந்த நிலையில் முன்கை இழுக்கும். அவர் தினமும் படும் அதே வலி வந்து, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்தால் அது கூடி, மறு கையைவிட வித்தியாசமாகவும் இருந்தால்தான் கணக்கில் எடுக்கலாம்.

சிகிச்சையில் என் முதல் தேர்வு கழுத்தைப் பக்கவாட்டில் நகர்த்துவது. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ராபர்ட் எல்வி பரப்பிய முறை. நோயாளி மல்லாக்கப் படுத்திருப்பார். வலிக்கிற கை மடங்கி வயிற்றின்மேல் இருக்கும். சிகிச்சை செய்பவர் தலைமாட்டில் நின்று இரு கையாலும் தலையையும் கழுத்தையும் ஏந்த வேண்டும். வலியுள்ள பக்கம் இருக்கும் அவருடைய கையின் ஆட்காட்டி விரல் அடிக்கணு, பாதிக்கப்பட்ட மட்டத்தில் கழுத்தெலும்பின் பக்கவாட்டில் பதியும். சி6 வேர் என்றால் சி5, சி6 (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது) எலும்புகளுக்கு நடுவே. அங்கிருந்து வலியில்லாத பக்கம் நோக்கி மெதுவாக நகர்த்தித் திரும்ப வேண்டும். ஊஞ்சல் போல ஒரே சீராக, ஒரு சுற்று 30 விநாடி முதல் ஒரு நிமிடம், இடையில் ஓய்வு, மொத்தம் 3 சுற்று. மூக்கு கூரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காது தோளை நோக்கிச் சாய்ந்தால் கழுத்தை வளைக்கிறீர்கள் என்று அர்த்தம். விரல் நுனியால் கிள்ளிப் பிடித்தால் கழுத்துத் தசை கல்லாகிவிடும், பிறகு எதுவும் நகராது.

வலி தணியத் தணிய, வயிற்றின்மேல் இருந்த கையைச் சிறிது சிறிதாக விலக்கி நீட்டலாம். அவசரம் வேண்டாம்.

வீட்டில் செய்வதற்கு: கையைப் பக்கவாட்டில், தோள் உயரத்துக்குக் கீழே, முழங்கை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கையை நீட்டும்போது தலை அதே கைப்பக்கம் சாயட்டும், மடக்கும்போது எதிர்ப்பக்கம். 10 தடவை, நாளைக்கு 2 அல்லது 3 வேளை. திசையை மாற்றிச் செய்தால் நாடாவின் இரு முனையையும் இழுத்த கதைதான், ராத்திரி முழுக்கக் கை குடையும். செய்யும்போது வரும் லேசான இழுப்பு, நிறுத்தியதும் மறைய வேண்டும். மறையாவிட்டால் மறுநாள் தூரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். கைவலி விலகி, கழுத்தடியில் மட்டும் வலி கூடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது நல்ல குறி.

முன்கையில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது சுகமாக இருக்கும். வேருக்கு அது போய்ச் சேராது. சலூனில் சொடக்கு எடுப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். கழுத்தின் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

சட்டைப் பொத்தான் போட இரண்டு கையும் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்பாடு தப்புகிறது என்றால் தண்டுவடமே அழுந்தியிருக்கலாம். கையின் பலம் நாளுக்கு நாள் குறைவதும், காய்ச்சலோடும் காரணமில்லாத எடைக்குறைவோடும் கழுத்துவலி வருவதும் ஆபத்தான அறிகுறிகளே. இவர்கள் கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.