எல்பிஐசி 101 எக்ஸாம்: எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதிப் பாருங்க

லினக்ஸ் தெரியும்னு காட்டுற எல்பிஐசி-1 (LPIC-1) சர்டிஃபிகேட்டுக்கு 101, 102னு ரெண்டு எக்ஸாம். ஒவ்வொண்ணுலயும் 60 கேள்வி, 90 நிமிஷம், மார்க் 200ல ஆரம்பிச்சு 800 வரைக்கும், 500 எடுத்தா பாஸ். நான் 101 முதல் தடவை எழுதினப்போ வந்தது 460. ரெண்டு வருஷமா தினமும் டெர்மினல்லயே வேலை பாத்துட்டு இருந்ததால கமாண்ட் பகுதி நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு மேலோட்டமா புரட்டிட்டு, பூட் லோடர், பார்ட்டிஷன், பேக்கேஜ் இதுலயே நேரம் பூரா போட்டேன். ரிசல்ட்ல டாபிக் வாரியா சதவீதம் வரும், அதுல பாத்தா அடி விழுந்தது 103வது டாபிக்ல, அதாவது ஃபைல், டெக்ஸ்ட் கமாண்டுங்க இருக்குற இடத்துல.

சிலபஸ்ல ஒவ்வொரு தலைப்புக்கும் வெயிட்டேஜ் போட்டிருப்பாங்க, அத நான் ஒழுங்கா கூட்டிக்கூட பாக்கல. 101 எக்ஸாமுக்கு மொத்த வெயிட்டேஜ் 60, அதுல 103 மட்டும் 26. கிட்டத்தட்ட பாதி பேப்பர். இத எழுதுறதே அதுக்குத்தான், தெரிஞ்ச விஷயம்னு தள்ளி வச்சிடாதீங்க.

தெரிஞ்சும் ஏன் தப்பாச்சுன்னு உக்காந்து யோசிச்சப்போ புரிஞ்சது இதுதான். வேலையில நாம ஒரு கமாண்ட் அடிக்கிறோம், தப்பா வந்தா மேல் அம்புக்குறிய தட்டி ஒரு ஆப்ஷன மாத்தி திரும்ப அடிக்கிறோம், மூணாவது தடவை சரியா வந்துடும், அத "எனக்குத் தெரியும்"னு கணக்குல வச்சுக்குறோம். எக்ஸாம்ல அந்த மேல் அம்புக்குறி கிடையாது. ஒரு வரி குடுத்து இதோட அவுட்புட் என்னன்னு கேப்பாங்க, நாலு ஆப்ஷனும் சரி மாதிரியே இருக்கும். அடிச்சுப் பாக்காம சொல்லத் தெரியணும், அந்தப் பழக்கம் எனக்கு சுத்தமா இல்ல.

அதனால ரெண்டாவது தடவை படிச்ச முறை வேற. பத்து வரி இருக்குற ஒரு சின்ன ஃபைல் பண்ணினேன், அதுல வேணும்னே சிக்கல் வச்சேன், சில வரி ரெண்டு தடவை வரும் ஆனா அடுத்தடுத்து வராது, நடுவுல காலி வரி ரெண்டு, 1, 2, 10, 20னு நம்பருங்க, வார்த்தைக்கு நடுவுல சில இடத்துல நாலஞ்சு ஸ்பேஸ். பக்கத்துல ஒரு நோட்டு. கமாண்ட டைப் பண்ணுவேன், எண்டர் தட்ட மாட்டேன், என்ன வரும்னு நோட்டுல முழுசா எழுதுவேன், அப்புறம்தான் எண்டர். எழுதினதும் வந்ததும் ஒத்துப்போனா அடுத்தது, போகலன்னா மேன் பேஜ (கமாண்டோட கையேடு) தொறந்து ஏன்னு கண்டுபிடிச்சு அந்தக் காரணத்த அதுக்குக் கீழயே எழுதுவேன். முதல் நாள் இருபது கமாண்ட் போட்டதுல ஒன்பது தப்பு. நிஜமாவே பயந்துட்டேன், ஏன்னா எல்லாமே தினமும் அடிக்கிற கமாண்ட்.

என்னென்ன தப்புன்னு சொல்றேன், உங்களுக்கும் இதே இடத்துலதான் சறுக்கும்னு நினைக்கிறேன். யூனிக் (uniq) போட்டா ரிப்பீட் ஆன வரி எல்லாம் போயிடும்னு எழுதினேன், போகல, அது அடுத்தடுத்து ஒட்டி இருக்குற வரியதான் பாக்கும், அதனாலதான் எல்லாரும் முன்னாடி வரிசைப்படுத்துற சார்ட் (sort) போடுறாங்க, நான் அத காரணம் தெரியாமலே போட்டுட்டு இருந்திருக்கேன். வெறும் சார்ட் போட்டா 1, 10, 2, 20னு வரும், எழுத்து வாரியா பாக்குறதால, நம்பரா பாக்க மைனஸ் என் வேணும். கட் (cut) கமாண்டுல மூணாவது காலம் (column), அப்புறம் ஒண்ணாவது காலம்னு குடுத்தா அந்த வரிசையில வரும்னு எழுதினேன், அது எப்பவும் ஃபைல்ல இருக்குற வரிசையிலதான் குடுக்கும், மாத்தி எடுக்கணும்னா ஆக் (awk) தான் வழி. அதே கட்டுக்கு நாலு ஸ்பேஸ் சேந்து வந்தா அது ஒரு பிரிப்பு இல்ல, நடுவுல மூணு காலி காலம் இருக்குன்னு எடுத்துக்கும், முன்னாடி டிஆர் (tr) மைனஸ் எஸ் போட்டு ஸ்பேஸ சுருக்கினா சரியாகும். டிஆர் பத்தி இன்னொண்ணு, அதுக்குப் பின்னாடி ஃபைல் பேர் குடுக்கவே முடியாது, உள்ள வர்ற ஸ்ட்ரீம மட்டும்தான் படிக்கும், நாலு ஆப்ஷன்ல மூணுல ஃபைல் பேரோட டிஆர் இருந்தா பதில் உங்களுக்கு உடனே தெரிஞ்சுடும்.

கேட் (cat) மைனஸ் என் காலி வரிக்கும் நம்பர் போடும், என்எல் (nl) சும்மா விட்டா காலி வரிக்குப் போடாது. ஹெட், டெயில் ரெண்டும் ஒண்ணும் சொல்லலன்னா 10 வரி. டெயில்ல மைனஸ் என்னுக்குப் பக்கத்துல பிளஸ் 5னு போட்டா கடைசி அஞ்சு இல்ல, அஞ்சாவது வரியில இருந்து கடைசி வரைக்கும். ஸ்பிளிட் சும்மா விட்டா 1000 வரிக்கு ஒரு துண்டு. டெக்ஸ்ட மாத்துற செட் (sed), ஜி போடலன்னா ஒவ்வொரு வரியிலயும் முதல்ல வர்றத மட்டும் மாத்தும், மைனஸ் ஐ போடலன்னா ஃபைல் மாறவே மாறாது, ஸ்கிரீன்ல மட்டும்தான் மாறும். ஜிஜிப் ஒரு ஃபைல சுருக்கினதும் பழைய ஃபைல் போயிடும், டார் அதுவா சுருக்காது, ஒண்ணா கட்டி மட்டும்தான் வைக்கும்.

எண்ணிச் சொல்ற டபிள்யூசிய (wc) ஈஸின்னு விட்டுடாதீங்க. வரி, வார்த்தை, பைட், இந்த வரிசையிலதான் வரும். மைனஸ் சி பைட், மைனஸ் எம் தான் கேரக்டர். இங்கிலீஷ் டெக்ஸ்ட்ல ரெண்டும் ஒரே நம்பர் வர்றதால வித்தியாசமே தெரியாது, நான் தமிழ்ல போட்டுப் பாத்துதான் மண்டையில ஏறுச்சு. எக்கோ போட்டு "தமிழ்"னு குடுத்து டபிள்யூசிக்கு பைப் (ஒரு கமாண்டோட அவுட்புட்ட அடுத்ததுக்கு அனுப்புற | குறி) பண்ணுங்க. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. யூடிஎஃப்-8 லொக்கேல்ல மைனஸ் எம் 6னு சொல்லும், ஏன்னா த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு, அதோட எக்கோ கடைசியில சேக்குற நியூலைன் ஒண்ணு. மைனஸ் சி 16னு சொல்லும், ஒவ்வொரு தமிழ் குறிக்கும் 3 பைட், அஞ்சு மூணு பதினஞ்சு, கூட அந்த நியூலைன். இத ஒரு தடவை போட்டுப் பாத்தவங்களுக்கு சி-யும் எம்-மும் குழம்பவே குழம்பாது.

இப்படி ஒரு வாரம் நோட்டுல எழுதிட்டு இருந்தப்போ ஒரு சம்பவம் நடந்துச்சு. பிராக்டீஸ் ஃபோல்டர்ல பேக்கப் ஃபைல மட்டும் அழிக்கணும்னு ஆர்எம் போட்டு ஸ்டார், அப்புறம் புள்ளி, பேக்னு (rm *.bak) அடிக்க வேண்டியது, ஸ்டாருக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விழுந்துடுச்சு. புள்ளி பேக்ங்கிற ஃபைல் இல்லன்னு ஒரு எர்ரர் வந்துச்சு, அதப் பாத்துட்டுதான் சந்தேகம் வந்து எல்எஸ் போட்டேன், மூணு வாரமா டைப் பண்ணி வச்சிருந்த குறிப்பு ஃபைல் ஒண்ணுகூட இல்ல. மைனஸ் ஆர் போடாததால உள்ள இருந்த ஃபோல்டருங்க மட்டும் தப்பிச்சுது. டெர்மினல்ல குப்பைத்தொட்டி கிடையாது, ஆர்எம் போட்டா போட்டதுதான். எங்க டீம் சீனியர்கிட்ட சொன்னப்போ அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்த ஸ்டார் ஆர்எம்முக்குப் போய்ச் சேந்துச்சா தம்பி?" எனக்கு அப்போ பதில் தெரியல.

போய்ச் சேரல. ஆர்எம் அந்த ஸ்டார பாக்கவே இல்ல. எண்டர் தட்டின உடனே ஷெல் (நாம அடிக்கிற வரிய முதல்ல படிச்சு கமாண்ட கூப்பிடுற புரோகிராம்) அந்த ஸ்டார எடுத்துட்டு அங்க இருக்குற எல்லா ஃபைல் பேரையும் வரிசையா எழுதி, அதுக்கப்புறம்தான் ஆர்எம்ம கூப்பிடுது. இது புரிஞ்ச அன்னைக்கு என் நோட்டுல தப்புன்னு இருந்ததுல பாதிக்கு ஒரே காரணம்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எந்த வரிய பாத்தாலும் முதல்ல, இதுல எது ஷெல் செய்யுறது, எது கமாண்ட் செய்யுறதுன்னு பிரிச்சு எழுத ஆரம்பிச்சேன்.

உதாரணத்துக்கு ஒரு ஃபைல சார்ட் பண்ணி > குறி போட்டு அதே ஃபைலுக்குத் திருப்பி விட்டா என்ன ஆகும்? ஃபைல் காலி ஆயிடும். > குறி ஷெல்லோட வேலை, அது சார்ட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஃபைல தொறந்து உள்ள இருந்தத துடைச்சுடும், சார்ட் வந்து பாக்கும்போது படிக்க ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தான் சார்ட்லயே மைனஸ் ஓ ஆப்ஷன் இருக்கு. ஃபைண்ட்ல நேம் குடுக்கும்போது ஸ்டார கோட்ஸ்குள்ள போடச் சொல்றதும் இதே காரணம்தான், இல்லன்னா ஃபைண்ட் பாக்குறதுக்கு முன்னாடி ஷெல் அத விரிச்சுடும். ஃபைலுக்குள்ள தேடுற கிரெப்லயும் (grep) அப்படித்தான், அதுல கூடுதலா ஒரு குழப்பம், ஷெல்லோட ஸ்டார் வேற, ரெஜெக்ஸோட (டெக்ஸ்ட் தேட எழுதுற பேட்டர்ன்) ஸ்டார் வேற. ஷெல்லுக்கு ஸ்டார்னா எது வேணா இருக்கலாம், ரெஜெக்ஸ்ல அதுக்கு முன்னாடி இருக்குற எழுத்து பூஜ்யம் தடவையோ அதுக்கு மேலயோ வரலாம். பூஜ்யம் தடவையும் சரிங்கிறதால ஒரே ஒரு எழுத்தும் ஸ்டாரும் போட்டு கிரெப் பண்ணினா ஃபைல்ல இருக்குற அத்தனை வரியும் வந்து நிக்கும். கிரெப்ங்கிற பேரே பழைய ஈடி எடிட்டர்ல ஃபைல் முழுக்க ஒரு ரெஜெக்ஸ தேடி பிரிண்ட் பண்றதுக்கு அடிக்கிற ஜி, ஆர்இ, பி (g/re/p) ல இருந்து வந்ததுதான், அத நினைவு வச்சுக்கிட்டா கிரெப்னா ரெஜெக்ஸ்தான்னு மறக்காது.

2>&1 கேள்வி அனேகமா வரும்னு நினைச்சே படிங்க. இதுல ஒண்ணுன்னா சாதா அவுட்புட், ரெண்டுன்னா எர்ரர். நான் ரொம்ப நாளா இந்தக் குறிய "ரெண்டையும் ஒண்ணோட சேத்துடு"ன்னு நினைச்சிட்டு இருந்தேன், தப்பு. ஒண்ணு இந்த நிமிஷம் எங்க போகுதோ ரெண்ட அங்கயே அனுப்புன்னுதான் அர்த்தம், ஷெல் அத இடமிருந்து வலமா படிக்கும். முதல்ல > போட்டு ஃபைலுக்கு விட்டுட்டு அப்புறம் 2>&1 போட்டா ரெண்டும் ஃபைலுக்குப் போகும். மாத்திப் போட்டா, 2>&1 படிக்கிற நேரத்துல ஒண்ணு இன்னும் ஸ்கிரீனுக்குத்தான் போயிட்டு இருக்கு, அதனால எர்ரர் ஸ்கிரீன்லயே நின்னுடும், சாதா அவுட்புட் மட்டும் ஃபைலுக்குப் போகும். டெஸ்ட் பண்ண எல்எஸ்க்கு இருக்குற ஃபைல் ஒண்ணு, இல்லாத ஃபைல் ஒண்ணு சேத்துக் குடுங்க, ரெண்டு விதமான அவுட்புட்டும் ஒரே அடியில கிடைக்கும், வரிசைய மாத்தி மாத்திப் போட்டு எழுதிப் பாருங்க.

பைப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன், எக்ஸாமுக்கு தேவையில்ல, ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம். டக் மெக்கில்ராய் 1964லயே பெல் லேப்ஸ்ல ஒரு குறிப்பு எழுதி, புரோகிராமுங்கள தோட்டத்துக்கு தண்ணி விடுற குழாய் மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்ட முடியணும்னு கேட்டிருக்கார், கென் தாம்சன் அத யூனிக்ஸ்ல கொண்டுவந்தது 1973ல. பைப் வரிய நான் நோட்டுல எழுதும்போது ஒவ்வொரு குழாய்க்கு நடுவுலயும் அந்த இடத்துல என்ன ஓடுதுன்னு முழுசா எழுதுவேன், அஞ்சு கமாண்ட் கோத்திருந்தா அஞ்சு தடவை. நேரம் எடுக்கும், ஆனா கடைசி அவுட்புட் தப்பா வந்தா எந்த மூட்டுல தப்புன்னு கண்ணுக்கு நேரா தெரியும். டெர்மினல்ல அதையே பாக்கணும்னா நடுவுல டீ (tee) கமாண்ட் போட்டு ஒரு ஃபைல்ல பிடிச்சுக்கலாம்.

லிங்க்ல (ஒரு ஃபைல இன்னொரு பேர்லயும் எட்ட வைக்கிறது) நான் மாட்டினது ரிலேட்டிவ் பாத்ல. எல்என் மைனஸ் எஸ் போட்டு வேற ஃபோல்டருக்குள்ள லிங்க் பண்ணும்போது நாம குடுக்குற பாத் நாம நிக்குற இடத்துல இருந்து இல்ல, லிங்க் இருக்குற இடத்துல இருந்து பாக்கப்படும், அது தெரியாம செத்த லிங்க்கா பண்ணிட்டு இருந்தேன். ஹார்டு லிங்க்குக்கு எல்எஸ் மைனஸ் எல்ஐ போட்டு ஐநோட் நம்பர் (ஃபைலுக்கு ஃபைல் சிஸ்டம் குடுக்குற அடையாள எண்) ஒண்ணா இருக்குறத ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும், ஒரு பேர அழிச்சாலும் டேட்டா ஏன் இருக்கு, வேற ஃபைல் சிஸ்டத்துக்கு ஏன் போட முடியாது, எல்லாம் தானா புரியும்.

நேரடியா டைப் பண்ற கேள்விங்களும் வரும், அதுல டேப் அழுத்தினா பேர் முழுசா வராது. ஓடி (od), பேஸ்ட் (paste), எஸ்ஹெச்ஏ256சம் (sha256sum) மாதிரி வேலையில அதிகம் தொடாத பேர நோட்டுல கையாலயே எழுதிப் பழகினேன். கமாண்ட் மட்டும் கேக்குறாங்களா, ஆப்ஷனோட கேக்குறாங்களான்னு கேள்விய ரெண்டு தடவை படிங்க. விஐ எடிட்டருக்கு மட்டும் வெயிட்டேஜ் 3 இருக்கு, ஒரு வாரம் வேற எடிட்டர தொடாம குறிப்பெல்லாம் அதுலயே எழுதினா போதும், தனியா படிக்க வேண்டாம்.

ரெண்டாவது தடவை 640 வந்துச்சு. இப்போ அதே நோட்டுல பாதிக்கு மேல 102க்குன்னு ஆரம்பிச்சிருக்கேன், அதுல ஷெல் ஸ்கிரிப்டிங் வர்றதால ஷெல் எது கமாண்ட் எதுன்னு பிரிச்சு எழுதுற பழக்கம் அப்படியே ஓடுது. 101 பாஸ் பண்ணவங்க 102அ அஞ்சு வருஷத்துக்குள்ள முடிக்கணும், அந்தத் தேதிய இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க.