சில நேரம் ஆன் ஆகும், சில நேரம் ஆகாது

லேப்டாப் போர்டு இப்படி அடம்பிடித்தால் உடனே ஐசியை (சிப்பை)க் கழற்றக் கிளம்பாதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, அடாப்டர் 19 வோல்ட் என்றால் பெஞ்ச் சப்ளையிலும் (வோல்ட்டை நாமே வைக்கும், ஆம்பியரைக் காட்டும் மேசை பவர் சப்ளை) அதே 19 வைத்து, போர்டு இழுக்கும் ஆம்பியரைக் கவனியுங்கள். ஆன் ஆகாத நேரத்தில்தான் அளக்க வேண்டும். நன்றாக ஓடும்போது எடுத்த அளவால் பயனில்லை.

முதலில் 3.3, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன்களை, அதாவது ஆன் செய்யும் முன்பே வோல்ட் இருக்க வேண்டிய லைன்களை அளங்கள். அவை சரியென்றால் பவர் பட்டன் பின்: பெரும்பாலான போர்டுகளில் 3.3 வோல்ட் நிற்கும், அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்கும். இறங்காவிட்டால் பட்டன் அல்லது ரிப்பன் கேபிள். இறங்கியும் ஆம்பியர் அசையாவிட்டால் லிட் சென்சார் (மூடி மூடியிருக்கிறதா என்று அறிவது), இசி சிப் (பவர் பட்டன், கீபோர்டைக் கவனிக்கும் சிப்), பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) பக்கம் போங்கள்.

குளிரில் மட்டும் தகராறா? ஹேர் டிரையரால் பகுதி பகுதியாக லேசாகச் சூடேற்றுங்கள். சூட்டில் ஆன் ஆனதால் பெரிய சிப்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் விரிசல் விட்ட குட்டிக் கெப்பாசிட்டராகவும் இருக்கலாம்.