கணிப்பை முதலில் எழுதுங்கள்: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு படிப்பவர்களுக்கு

ஓர் ஆலையோ சாலையோ வரும் முன் அது சுற்றுப்புறத்தை என்ன செய்யும் என்று கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைப் பாடமாக எடுத்தவர்கள் எழுதும் செய்முறை அறிக்கைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. அறிக்கையின் பெரும்பகுதி இடத்தின் இன்றைய நிலையைப் பற்றியே இருக்கும்: மண், நீர், காற்று, செடிகொடிகள், மக்கள்தொகை. திட்டம் வந்தால் இவற்றுக்கு என்ன ஆகும் என்பதற்குச் சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களிலும் 'தாக்கம் குறைவாகவே இருக்கும்' என்ற ஒரே வாக்கியம் வேறு வேறு உடையில் வந்து போகும். பாடத்தின் பெயரிலேயே இருக்கும் 'தாக்கம்' அறிக்கைக்குள் மெலிந்து கிடக்கும்.

வேலை செய்யும் வரிசைதான் இதற்குக் காரணம். பாடநூல்கள் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றன: ஸ்கிரீனிங் (மதிப்பீடு தேவையா என்று முடிவு செய்வது), ஸ்கோப்பிங் (எந்தெந்தத் தாக்கங்களைப் பார்ப்பது என்று தேர்வது), அடிப்படை நிலை ஆய்வு, தாக்கக் கணிப்பு, தாக்கத்தின் முக்கியத்துவம், தணிப்பு, அறிக்கை, மக்கள் கருத்து, முடிவு, பின்கண்காணிப்பு. மாணவர்களும் அதே வரிசையில் போகிறார்கள். களத்துக்குப் போய் அளக்க முடிந்ததையெல்லாம் அளந்து வருகிறார்கள். கணிக்க உட்காரும்போதுதான் வேண்டிய எண் கையில் இல்லை என்று தெரியவருகிறது. ஆற்று நீரின் பிஎச், கடினத்தன்மை, குளோரைடு எல்லாம் இருக்கும். விநாடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் ஓடுகிறது என்பது இருக்காது. அது இல்லாமல் கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூடச் சொல்ல முடியாது.

ஆகவே களத்துக்குப் போகும் முன்பே கணிப்பு அத்தியாயத்தின் எலும்புக்கூட்டை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தாக்கத்துக்கும் மூன்று கேள்விகள் போதும்: எங்கிருந்து கிளம்புகிறது, எதன் வழியே போகிறது, யாரை அல்லது எதைப் போய்ச் சேருகிறது? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தாக்கத்தைத் தள்ளிவைக்கலாம். ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஸ்கோப்பிங்கில் பாதி முடிந்தது. மூன்றுக்கும் பதில் உள்ளவற்றுக்கு எந்தச் சூத்திரம், அதற்கு எந்தெந்த எண்கள், எந்தப் பருவத்தில் அளந்தவை என்று எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் களப்பணித் திட்டம்.

பருவம் ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஆற்றில் விநாடிக்கு 2 கனமீட்டர் நீர். அதன் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆலையிலிருந்து விநாடிக்கு 0.05 கனமீட்டர் கழிவுநீர், பிஓடி 30. கலந்தபின் (2×2 + 0.05×30) ÷ 2.05, அதாவது சுமார் 2.7. கவலைப்பட ஒன்றுமில்லை போலத் தெரியும். அதே ஆறு கோடையில் 0.2 கனமீட்டராகச் சுருங்கினால் (0.2×2 + 0.05×30) ÷ 0.25, அதாவது 7.6. ஆலை அதே ஆலை, கழிவும் அதே கழிவு. மழைக்காலத்தில் மட்டும் அளந்தவர் 'பாதிப்பில்லை' என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த அறிக்கையை நம்பினால் கோடையில் மீன் செத்து மிதக்கலாம். நீரோட்டக் கணக்கை எப்போதும் குறைந்த ஓட்ட மாதத்துக்குச் செய்யுங்கள்.

இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. கரைந்த ஆக்சிஜன் கழிவு விழும் இடத்திலேயே அடிமட்டத்துக்குப் போய்விடுவதில்லை. நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கச் சிதைக்கத்தான் ஆக்சிஜன் இறங்கும். மறுபுறம் காற்றிலிருந்து நீருக்குள் மீண்டும் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டும் சமமாகி ஆக்சிஜன் மிகத் தாழும் இடம் பல கிலோமீட்டர் கீழே இருக்கலாம். 1925இல் அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான். குழாய்க்கு ஐம்பது மீட்டர் கீழே ஒரு மாதிரி எடுத்துவிட்டு 'ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது' என்று எழுதுவது இடம் தவறிய அளவு. முதலில் சமன்பாட்டைப் போட்டுத் தாழ்வுப் புள்ளி தோராயமாக எங்கே வரும் என்று பாருங்கள், பிறகு மாதிரிப் புள்ளிகளை முடிவு செய்யுங்கள். வெப்பநிலை, பிஎச், கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் களத்திலேயே அளந்துவிடுங்கள். பிஓடி மாதிரிப் புட்டியைக் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பிப் பனிப்பெட்டியில் வைத்து, முடிந்தால் அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் காரின் பின்பக்கம் நாள் முழுக்கக் கிடந்த புட்டி ஆற்றைப் பற்றி எதையும் சொல்லாது.

காற்று மாசுக்கு வந்தால், வகுப்பில் காஸியன் புகைக்கற்றைச் சமன்பாடு வரும். புகைபோக்கியிலிருந்து காற்று வீசிச் செல்லும் திசையில் நேர்கோட்டில், தரைமட்டத்தில் மாசின் செறிவு C = Q ÷ (π u σy σz) × exp(−H² ÷ 2σz²). Q என்பது விநாடிக்கு எத்தனை கிராம் வெளியாகிறது என்பது, u காற்றின் வேகம், இரண்டு சிக்மாக்களும் புகை பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் எவ்வளவு விரிகிறது என்பதைக் காட்டுபவை. பெரும்பாலும் நேரும் பிழைகள் நான்கு. H என்ற இடத்தில் புகைபோக்கியின் கட்டுமான உயரத்தை மட்டும் போட்டுவிடுகிறார்கள். சூடான புகை தானாக மேலெழும் உயரத்தையும் அதனுடன் கூட்ட வேண்டும். விடை கனமீட்டருக்குக் கிராமில் வரும், தரநிலை மைக்ரோகிராமில் இருக்கும். பத்து லட்சத்தால் பெருக்க மறந்தவருக்கு எல்லாத் திட்டமும் தூய்மையான திட்டம். காற்று அசையாத நேரத்தில் u பூஜ்யத்தை நெருங்கும், சமன்பாடு அர்த்தமில்லாத பெரிய எண்ணைத் தரும். அந்த நேரங்களுக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

நான்காவது பிழை எளிமையானது, ஆனால் முழு அறிக்கையையும் கவிழ்த்துவிடும். வானிலைத் தரவில் காற்றின் திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பது. வடக்கு என்று இருந்தால் மாசு தெற்கே போகும். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு அடிக்கடி காற்று வருகிறது என்று இதழ்களாகக் காட்டும் விண்ட் ரோஸ் படத்தில் நீண்ட இதழ் வடக்கே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வடக்கே உள்ள ஊரில் கண்காணிப்புக் கருவியை வைத்துவிடுகிறார்கள். தெற்கே உள்ள பள்ளிக்கூடம் அறிக்கையிலேயே இருக்காது. வரைபடத்தில் புகை போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டு, குழுவில் இன்னொருவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இரைச்சலில் தடுமாறுவது கூட்டலில். டெசிபெல் மடக்கை அளவு. 60 டெசிபெல் இயந்திரத்தோடு இன்னொரு 60 டெசிபெல் இயந்திரம் சேர்ந்தால் 63, நூற்றிருபது அல்ல. சராசரியும் அப்படியே: ஒரு மணி நேரம் 50, அடுத்த மணி நேரம் 70 என்றால் சராசரி 60 என்று எழுதுவது பிழை, ஆற்றலாக மாற்றிக் கூட்டி இரண்டால் வகுத்து மீண்டும் மடக்கை எடுத்தால் 67 வரும். இந்த ஏழு டெசிபெல் வித்தியாசத்தில் தரநிலைக்குள் இருப்பதும் மீறுவதும் இடம் மாறிவிடும். ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரம் என்றால், திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். இடைவிடாத போக்குவரத்துள்ள சாலை என்றால் 3 மட்டும்தான். 7 மீட்டரில் 80 டெசிபெல் தரும் ஜெனரேட்டர் 112 மீட்டரில் 56 தரும். பகலில் அது வாகனச் சத்தத்தில் அமுங்கிப் போகலாம். இரவு 45 டெசிபெல் உள்ள இடத்தில் அது தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே இரவு அளவீடு இல்லாத இரைச்சல் அத்தியாயம் முழுமையற்றது.

மழைநீர் வழிவுக்கு Q = CiA ÷ 360 போதும்: C என்பது மழையில் எவ்வளவு பங்கு வழிந்தோடுகிறது என்பது, பரப்பு (A) ஹெக்டேரில், மழையின் தீவிரம் (i) மணிக்கு மில்லிமீட்டரில், விடை விநாடிக்குக் கனமீட்டரில். புல்வெளியாக இருந்த 10 ஹெக்டேரில் C மதிப்பு 0.3, மழை மணிக்கு 60 மில்லிமீட்டர் என்றால் 0.5 கனமீட்டர். அங்கே கான்கிரீட் போட்டு C 0.9 ஆனால் 1.5. மும்மடங்கு நீர் எந்தக் கால்வாயில் போகும், அந்தக் கால்வாயின் கொள்ளளவு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

உயிரினப் பகுதி வேறு மாதிரி. இங்கே சூத்திரம் குறைவு, பொறுமை அதிகம். புல்பூண்டுக்கு 1×1 மீட்டர் சதுரம், புதர்களுக்கு 5×5, மரங்களுக்கு 10×10 என்று எடுப்பது வழக்கம். எத்தனை சதுரம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல், புதுச் சதுரத்தில் புது இனம் வருவது நிற்கும்வரை போய்க்கொண்டிருங்கள். சதுரம் கூடக்கூட இன எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று காட்டும் வளைகோட்டையும் அறிக்கையில் சேருங்கள். பறவைகளை விடிந்ததும் பாருங்கள். இரண்டு நாளில் ஒரு விலங்கைக் காணவில்லை என்றால் 'காணப்படவில்லை' என்று எழுதலாம், 'இல்லை' என்று எழுதக் கூடாது. இனப் பன்மையை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் குறியீட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். களைச்செடிகள் பல வந்து சேர்ந்தாலும் அந்த எண் ஏறும். அழிவின் விளிம்பில் உள்ள ஒரே ஒரு இனம் போனாலும் அது பெரிதாக அசையாது.

வரைபட வேலையில் ஒரு எச்சரிக்கை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திட்ட எல்லையைச் சுற்றி 10 கிலோமீட்டர் பஃபர் (சுற்றுவளையம்) போடும்போது, அடுக்கு அட்சரேகை–தீர்க்கரேகை அமைப்பிலேயே இருந்தால் மென்பொருள் எண்ணை டிகிரியாக எடுத்துக்கொள்ளும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் அமைப்பில் பொருத்தமான மண்டலத்துக்கு மாற்றிவிட்டு மீட்டரில் கொடுங்கள்.

இனி, எந்தச் செயல் எதைத் தாக்கும் என்று கட்டம் போட்டுக் காட்டும் மேட்ரிக்ஸ். 1971இல் லியோபோல்டும் கூட்டாளிகளும் தந்த அட்டவணையில் திட்டச் செயல்கள் 100, சுற்றுச்சூழல் கூறுகள் 88. மொத்தம் 8,800 கட்டங்கள். பொருந்தும் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்குக்கோடு போட்டு, மேலே தாக்கத்தின் அளவு, கீழே அதன் முக்கியத்துவம், இரண்டும் 1 முதல் 10 வரை. எதையும் விட்டுவிடவில்லை என்று சரிபார்க்க இது அருமையான கருவி. முடிவெடுக்கும் கருவியாக இதைப் பயன்படுத்துவதுதான் ஆபத்து. நன்மைக்கு +, தீமைக்கு − போட்டு எல்லா எண்களையும் கூட்டி 'மொத்தம் −42, எனவே ஏற்கத்தக்கது' என்று எழுதுகிறார்கள். 8 என்பது 4இன் இருமடங்கு என்று யாரும் அளக்கவில்லை. அவை வரிசை எண்கள். வேலைவாய்ப்பின் +8 வந்து நிலத்தடி நீரின் −8ஐ அழித்துவிடாது. நீரை இழப்பவரும் வேலை பெறுபவரும் ஒரே ஆள் அல்ல. கட்டங்களைக் கூட்டாதீர்கள். பெரிய எண்கள் விழுந்த கட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பரப்பு, காலம், மீள முடியுமா, நிகழும் வாய்ப்பு, தாங்குபவரின் பலவீனம் என ஐந்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒப்பீடு எதனோடு எதை என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள். 'முன்பு–பின்பு' என்று எடுத்தால் தவறு. திட்டம் வந்தால் பத்தாண்டில் எப்படியிருக்கும், வராவிட்டால் அதே பத்தாண்டில் எப்படியிருக்கும் என்பதே சரியான ஒப்பீடு. நிலத்தடி நீர் ஏற்கெனவே ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருந்தால் அந்த இறக்கத்தைத் திட்டத்தின் தலையில் கட்டுவதும் பிழை, அதைச் சாக்காக வைத்துத் திட்டத்தை விடுவிப்பதும் பிழை. பக்கத்தில் வரவிருக்கும் மற்றத் திட்டங்களின் சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பதில்லை.

மாற்று வழிகள் என்ற அத்தியாயத்தை ஒரு பக்கத்தில் முடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டத்தில்தான் இந்தத் துறையே தொடங்கியது. அந்தச் சட்டம் கேட்ட ஐந்து விஷயங்களில் ஒன்று மாற்று வழிகள். வேறு இடம், வேறு தொழில்நுட்பம், வேறு அளவு, எதுவும் செய்யாமல் விடுவது என ஒவ்வொன்றையும் அதே அளவுகோலில் அளக்க வேண்டும். தோற்கவென்றே நிறுத்திய இரண்டு டம்மி இடங்களை வாசிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மற்றவர்கள் எழுதிய அறிக்கையைப் படிக்கும் பயிற்சிக்கு நீர்ச் சமநிலை அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். நாளொன்றுக்கு 500 கிலோலிட்டர் எடுக்கிறார்கள், ஆவியாவது 180, உற்பத்திப் பொருளோடு போவது 20 என்றால், 300 வெளியேற வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் 250 என்று வேறொரு பக்கத்தில் இருந்தால், மீதி 50 எங்கே போகிறது என்று கேளுங்கள். பக்கங்களுக்கிடையே எண்கள் ஒத்துப்போகாத இடங்களில்தான் உண்மை ஒளிந்திருக்கும்.

தணிப்பு அத்தியாயத்தில் 'இயன்றவரை', 'தகுந்த', 'தேவைப்படும்போது' மூன்றையும் அடித்துவிடுங்கள். முதலில் தவிர்க்க முடியுமா, இல்லையென்றால் குறைக்க முடியுமா, பிறகு சீரமைக்க முடியுமா, கடைசியாகத்தான் ஈடுசெய்தல். வெட்டும் மரத்துக்குப் பதில் கன்று நடுவதாக நேரே நான்காம் படிக்குத் தாவுகிறவர்களே அதிகம். 'தூசியைக் கட்டுப்படுத்தத் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. 'மண்பாதையில் வறண்ட நாட்களில் காலை, நண்பகல், மாலை மூன்று முறை நீர் தெளிக்கப்படும். பொறுப்பு தள மேலாளருக்கு. கடைசி வீட்டருகே நாள் சராசரித் தூசி வரம்பைத் தாண்டினால் மண் ஏற்றும் வேலை அன்று நிறுத்தப்படும்' என்று எழுதினால், ஓராண்டு கழித்து ஒருவர் வந்து நடந்ததா என்று கேட்க முடியும். கண்காணிப்பு அட்டவணையிலும் இதே நான்கு வேண்டும்: எங்கே, எத்தனை நாளுக்கொரு முறை, எந்த எண்ணைத் தாண்டினால், யார் என்ன செய்வார்.

எளிய சுருக்கத்தைக் கடைசி இரவில் எழுதாதீர்கள். திட்டத்துக்கு அருகே வாழ்பவர்களில் பலர் படிக்கப்போவது அந்தச் சில பக்கங்களை மட்டும்தான். பிஓடி 7.6 என்று போடுவதைவிட, கோடையில் ஆலைக்குக் கீழே சில கிலோமீட்டர் தூரத்துக்கு மீன் பிழைப்பது கடினம் என்று போடுங்கள். அவர்கள் சொன்ன கருத்துகளுக்கு மூன்று நெடுவரிசை அட்டவணை: என்ன சொன்னார்கள், உங்கள் பதில் என்ன, அதனால் திட்ட வடிவமைப்பில் எது மாறியது. மூன்றாவது நெடுவரிசை முழுக்கக் காலியாக இருந்தால், கணிப்பு அத்தியாயத்தை மறுபடி திறந்து பாருங்கள்.