சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு: எங்கள் கரைத் துண்டு

கதிர்காமப் பாதயாத்திரை என்றாலே எல்லோருக்கும் கடைசியில் வருகிற உகந்தை மலையும் குமணக் காடும்தான் ஞாபகம் வரும். யானை கண்டோம், கரடியின் தடம் கண்டோம், கும்புக்கன் ஆற்றில் ஆசைதீரக் குளித்தோம் என்று வந்து கதைப்பார்கள். ஆடிவேல் கொடியேற்றத்துக்கு முன் காட்டுப் பாதை திறந்தவுடன் பஸ்ஸிலும் வானிலும் உகந்தைக்குப் போய் இறங்கி, அங்கிருந்து நடக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, முருகன் மைல் கணக்குப் பார்க்கிறவன் இல்லை. ஆனால் இந்தப் பாதை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்குகிறது, அதன் முதல் துண்டு எங்களுடைய வடமராட்சிக் கரையில்தான் கிடக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்களே அரைவாசி மறந்துவிட்டோம். அந்தத் துண்டை மட்டும் நடந்துவிட்டு வந்தேன். முழுவதும் நடக்க ஒரு மாதத்துக்கு மேல் லீவு வேண்டும், யார் தருவார்கள்?

ஏன் செல்வச்சந்நிதியில் இருந்து புறப்படுகிறார்கள் என்று கேட்டால் கோயிலின் கதையே பதில். மருதர் கதிர்காமர் என்ற மீனவரை முருகனே கதிர்காமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பூசை செய்யும் முறையைக் காட்டி, கையில் ஒரு வேலாயுதத்தையும் கொடுத்து அனுப்பினான் என்பது ஐதீகம். அவர் வழிவந்தவர்கள்தான் இன்றைக்கும் அங்கே பூசகர்கள். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார்கள், கதிர்காமத்துப் பூசகர்களான கப்புறாளைமார் செய்வதும் அப்படித்தான். ஆலமிலையில் அமுது படைப்பார்கள், அன்னதானக் கந்தன் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை, எந்த நேரம் போனாலும் ஏதாவது ஒரு மடத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும். சின்னக் கதிர்காமத்தில் சாப்பிட்டுவிட்டுப் பெரிய கதிர்காமத்துக்கு நடக்கிறது, அவ்வளவுதான்.

விடியப் பூசை முடிந்து, வேலை முன்னால் பிடித்துக்கொண்டு அரோகரா சொல்லி வெளிக்கிட்டோம். சிறிய கூட்டம், பாதிக்கு மேல் வயதானவர்கள், மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்து வந்து சேர்ந்த அம்மாமாரும் இருந்தார்கள். யாத்திரையில் யாருக்கும் பெயர் கிடையாது, எல்லோரும் சாமிதான். நேற்று வரைக்கும் வங்கியில் இருந்தவரும் சாமி, தோட்டம் கொத்துகிறவரும் சாமி. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று போகிற ரோட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தார் சுடும், மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடிப்பார்கள், இடைக்கிடை வாசலில் நிறைகுடம் வைத்து வேலுக்குத் தீபம் காட்டுவார்கள்.

வல்லிபுரத்தில்தான் முதல் பெரிய இளைப்பாறல். முருகன் யாத்திரை பெருமாள் கோயிலில் தங்குவதை ஒரு சின்னப் பெடியன் விளங்காமல் கேட்டான். பெரியசாமி (எங்களுக்கு வழிகாட்டியவரை அப்படித்தான் கூப்பிட்டோம்) சிரித்துக்கொண்டே, "மாமன்ரை வீட்டு வாசலாலை மருமோன் சாப்பிடாமல் போறதோ?" என்றார். வல்லிபுர ஆழ்வார் என்று நாங்கள் கூப்பிடுகிற பெருமாள் அங்கே சக்கரமாக இருக்கிறார். கோயிலைச் சுற்றி மணல், அதற்கு அப்பால் இன்னும் மணல், அதற்குப் பிறகு கடல்.

உண்மையான நடை அங்கே இருந்துதான் ஆரம்பம். மணற்காட்டில் மணல் மேடுகளும் சவுக்கங்காடும், மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும். தூரத்தில் இருந்து பார்க்க அழகு. ஆனால் வெறுங்காலோடு நடக்கிறவனுக்கு மணல் வேறு பாடம் வைத்திருக்கிறது. காய்ந்த மணலில் கால் புதையும், ஓரடி வைத்தால் அரையடி பின்னால் வரும். அலை நனைத்துவிட்டுப் போகிற ஈரமணல் இறுக்கம்தான், ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், அதனால் இடது கால் எப்போதும் பள்ளத்தில், வலது கால் மேட்டில். மத்தியானத்துக்குள் இடுப்பு ஒருபக்கமாகக் கழன்றுவிடும் போலிருக்கும். பழைய சாமிமார் அடம்பன் கொடி படர்ந்த இடமாகப் பார்த்துக் காலை வைப்பார்கள், அங்கே மணல் இளகாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சின்ன வயதில் படித்ததன் அர்த்தத்தை உள்ளங்கால் அங்கேதான் கண்டுபிடித்தது. பக்கத்திலேயே இராவணன் மீசை என்ற முள்ளுப் புல் முளைத்திருக்கும், அதில் மிதித்தவன் அரோகராவை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவான்.

சோளகம் வேறு. தரைப் பக்கமிருந்து அடிக்கிற காற்று, மணலை அள்ளிக் கெண்டைக்காலில் எறியும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சுக் கட்டினாலும் தப்ப முடியாது. ஆனால் அதே காற்றால்தான் இந்தக் கடல் அந்த மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கிறது, கரைவலைக்காரருக்கு அதுதான் காலம். வலை இழுக்கிறவர்கள் எங்களைக் கண்டதும் கயிற்றை விடாமலே தலையைக் குனிந்து கும்பிட்டார்கள். கை இரண்டும் கயிற்றில், வேறு எப்படிக் கும்பிடுவது?

நாகர்கோவிலில் நாகதம்பிரானிடம் தங்கினோம். கப்பல் திருவிழா நடக்கிற கோயில், ஊர்ச் சனம் அந்தக் கதையைத் தொடங்கினால் நித்திரை கொள்ள விடாது. 1995 செப்டெம்பர் 22ஆம் தேதி விமானம் குண்டு போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்ததும் இந்த ஊரில்தான். அதைப் பற்றி அவர்களாகக் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

குடாரப்பு, மாமுனை, செம்பியன்பற்று என்று போகப் போகக் கத்தோலிக்க வீடுகள் வரும். மாதா படம் தொங்குகிற விறாந்தையில் எங்களை இருத்தி, வேலைச் சுவரில் சாய்க்கக் கூடாது என்று தாங்களாகவே ஒரு கதிரையை எடுத்து வந்து வெள்ளைத் துண்டு விரித்துத் தந்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு வயதான அம்மா மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்றார். தார்பாய்ப் பந்தலும் தகர வேலியும், அவ்வளவுதான் வீடு. அவருக்கு என் அம்மாவின் வயது இருக்கும், குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்ற வந்தபோது கூசிப்போய், வேண்டாம் அம்மா என்று காலை இழுத்தேன். "உங்கடை காலுக்கே ஊத்திறன்? கதிர்காமம் போற காலுக்கு ஊத்திறன், பேசாமல் நில்லுங்கோ சாமி" என்றார். நான் இடையில் திரும்பிவிடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு மாசிக் கருவாட்டுச் சம்பல் இல்லாத, யாத்திரைக்காக மரக்கறியாகவே சமைத்த சோறு. மீன்பிடிக் கிராமத்தில் அன்றைக்கு அடுப்பில் மீன் ஏறவில்லை, யாரும் சொல்லாமலே.

எனக்குத் தெரிந்து இந்த யாத்திரையை நடத்துவது நடக்கிறவர்கள் இல்லை, இப்படிச் சோறு போடுகிறவர்கள்தான். நாங்கள் கொண்டுபோனது ஒரு துணிப்பை. அதில் அரிசி ஒரு மணி இல்லை.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற பெரிய நிலையத்தைத் தாண்டி மருதங்கேணி, அப்புறம் உடுத்துறை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களுக்கான நினைவாலயம் அங்கே இருக்கிறது. பெரியசாமி வேலை நிலத்தில் ஊன்றி ஒரு தேவாரம் படித்தார். எங்களோடு வந்த மட்டக்களப்பு அம்மா ஒருவர் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றவர், தன்னுடைய ஊரிலும் அதே நாள், அதே கடல் என்றார். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், திருக்கோவில் என்று இந்த யாத்திரை தொட்டுக்கொண்டு போகிற கரை முழுக்க அந்த அலை வந்து போன கரைதான்.

மற்றச் சாமிமார் முல்லைத்தீவுக்கு, வற்றாப்பளை அம்மனிடம் போக வேண்டும். எனக்கு யாழ்ப்பாணம் பஸ். பெரியசாமி திருநீறு பூசிவிட்டார். அடுத்த முறை நேரே வெருகலில் வந்து சேரட்டுமா என்று கேட்டேன்.

"முதலிலை முல்லைத்தீவு மட்டும் வாரும் பாப்பம். வெருகல் எங்கையும் ஓடாது" என்றார்.