உடைந்த கொக்கிக்குள் என்ன பளபளத்தது?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன அக்கா வீட்டு டிராக்டரில், டிரெய்லரை இழுக்கும் கொக்கி மேடு ஏறும்போது பட்டென்று உடைந்துவிட்டது. டிரெய்லர் பின்னால் உருண்டு புளியமரத்தில் முட்டி நின்றது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை.

"இரும்புக்கு வயசாயிடுச்சு மாப்ள, உள்ள உப்பு பூத்திருக்கு பாரு" என்று மாமா உடைந்த கொக்கித் துண்டை நீட்டினார். கல்லுப்பை உடைத்துப் பார்த்த மாதிரிதான் இருந்தது உடைந்த முகம். வளைந்த அடையாளமே இல்லை. நல்ல இரும்பு உடைந்தால் நார் நாராகக் கிழிந்து, சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். ஓசூரில் உடைந்த உதிரிபாகங்களைப் பார்ப்பதே என் வேலை, அதனால் "இதை எங்கயாவது காய்ச்சினீங்களா மாமா?" என்றுதான் முதலில் கேட்டேன். ஐப்பசியில் கொக்கி வளைந்துபோய் ஒரு பட்டறையில் கொடுத்து நிமிர்த்தினாராம். வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி, வெகுநேரம் உலையிலேயே கிடந்ததாம்.

அங்கேதான் கெட்டது. மாமா சொன்ன மாதிரி வயசானதால் உப்பு பூக்கவில்லை; இரும்பு எப்போதுமே படிகம்தான், புதிதாக வாங்கும்போதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத மணிகள் இடைவெளி இல்லாமல் ஒட்டிய கட்டி அது. இந்த மாதிரிக் கொக்கி எஃகைச் சுமார் 800 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் பழைய மணிகள் கலைந்து, புதிதாகப் பொடி மணிகள் பிறக்கும். அதோடு நிறுத்தினால் நல்லது. 1200 டிகிரி வரை ஏற்றி அங்கேயே விட்டால் பெரிய மணி பக்கத்துச் சின்ன மணிகளைத் தின்று பெருத்துக்கொண்டே போகும், ஆறிய பிறகும் அந்தப் பருமன் போகாது.

மணி பெருத்தால் ஏன் உடைய வேண்டும்? வயலை வைத்துச் சொல்கிறேன். சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டினால் எந்த வரப்பிலும் தண்ணீர் பெரிதாக முட்டாது, ஒரு வரப்பு உடைந்தாலும் அடுத்தது தடுக்கும். வயல் முழுவதும் ஒரே பாத்தி என்றால் மொத்தத் தண்ணீரும் ஒரே வரப்பில் சாயும். எஃகு வளையும்போது மணிக்குள் நகரும் படிகக் குறைகளும் (அணுக்களின் வரிசை பிசகிய இடங்கள்) இப்படித்தான் மணி எல்லையில் போய்க் குவிகின்றன. மணி பெரிதென்றால் குவியலும் பெரிது, அந்த முனையில் விரிசல் பிறக்கும். பிறந்த விரிசல் ஒரு மணிக்குள் நேர்கோடாக ஓடும், எல்லைக்கு வந்தால் அடுத்த மணி வேறு பக்கம் சாய்ந்திருப்பதால் திரும்பியாக வேண்டும். எல்லை குறைவு என்றால் தடையும் குறைவு.

கார்பனைக் கூட்டுவது, தண்ணீரில் தோய்ப்பது என்று எஃகின் வலுவைக் கூட்டுகிற வழிகளில் பெரும்பாலானவை அதை நொறுங்கக்கூடியதாக்கும். மணியைப் பொடியாக்குவது மட்டும் வலுவையும் உடையாத தன்மையையும் சேர்த்தே கூட்டும். 1951-இல் ஹால், 1953-இல் பெட்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வலுவுக்கும் மணியின் அளவுக்கும் உள்ள கணக்கைச் சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆச்சரியமான விஷயம் இது.

குளிருக்கும் பங்கு உண்டு. சாதாரண எஃகு ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனால் வளைவதை விட்டுவிட்டு நொறுங்கும், மணி பெருத்தால் அந்த வெப்பநிலை மேலே ஏறிவிடும். 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், சோதனை ஓட்டம் முடித்துத் துறையில் சும்மா நின்ற ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் குளிரில் இரண்டாகப் பிளந்தது. நம் ஊர்க் குளிர் அந்த அளவு இல்லை, ஆனால் பெருத்த மணிக்கு மார்கழிக் காலையே போதும்.

மாமா நம்பவில்லை. அதனால் அந்தக் கொக்கியிலேயே இரண்டு துண்டு அறுத்தேன். ஒன்றை அப்படியே வைத்தேன். இன்னொன்றை, காந்தம் ஒட்டாமல் போகிற செஞ்சூட்டுக்கு ஒரு பிடி மேலே காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன். இரண்டிலும் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்தோம். முதல் துண்டு ஒரே அடியில் போனது. இரண்டாவது வளைந்து, நாலாவது அடியில்தான் கிழிந்தது. "அதே இரும்பா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே இரும்புதான். அதனால், காய்ச்சி நிமிர்த்தக் கொடுப்பவர்கள் வேலை முடிந்ததும் இன்னொரு முறை செஞ்சூடு ஏற்றி, தண்ணீரில் போடாமல் காற்றில் ஆறவிடச் சொல்லுங்கள். தீப்பொறி பறக்கும் அளவுக்குக் கருகிய இரும்பென்றால் இந்த வைத்தியம் செல்லாது, பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். மாமா புதுக் கொக்கி மாட்டிவிட்டார்.