குஜராத் பயணம்: ஆனந்தில் ஒரு பால் சொசைட்டி

குஜராத் போய்விட்டு வந்தேன் என்று சொன்னதுமே எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "ரோடெல்லாம் எப்படி இருக்கு பாத்தியா?" என்று பெரியப்பா கேட்டார். "போயும் போயும் அந்த ஊருக்கா காசைக் கொண்டுபோய்க் கொட்டின?" என்று சித்தி மகன் எகிறினான். அங்கே நான் என்ன பார்த்தேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இதைச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். ரயில், தங்குமிடம், செலவு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. நடுவில் பால் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாகவே பேப்பரைத் திறந்தால் வயிறு எரிகிறது. மணிப்பூர் 2023 மே மாதம் பற்றி எரியத் தொடங்கியது, அந்த மக்களில் எத்தனையோ பேர் முகாம்களில் கிடந்தார்கள். தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை வெறுப்புப் பேச்சு. தொகுதி மறுவரையறை, வரிப் பங்கு என்று வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஒரு கசப்பு. கேள்வி கேட்டால் உடனே தேசத்துரோகி. இந்த நாட்டை நினைத்து நெஞ்சு நிமிர்த்த எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வி நிஜமாகவே உறுத்தியது. கிரிக்கெட்டில் ஜெயிப்பதும் ராக்கெட் விடுவதும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு நாளைக்குமேல் தாங்குவதில்லை. அப்போதுதான் அமுலை வளர்த்த, வெண்மைப் புரட்சியின் தந்தை என்று சொல்லப்படும் வர்கீஸ் குரியன் நினைவுக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அவர் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த ஆனந்த் ஊரைப் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

சென்னையிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர். ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எதிர் பெர்த்தில் இருவர் யார் வரியில் யார் சாப்பிடுகிறார்கள் என்று வார்தா பக்கம் வரும்வரை சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் வதோதராவில் இறங்கினேன்.

வதோதராவிலிருந்து சர்தார் படேல் சிலைக்கு ஒரு தனியார் டூர் பஸ்ஸில் போனதுதான் இந்தப் பயணத்திலேயே மோசமான பகுதி. ஏசி பஸ் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஏறியபின் பார்த்தால் ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலும் திறக்காது. போகிற வழியில் ஒரு துணிக்கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். கமிஷன் கடை என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும். நான் சத்தம் போட்டதும் கைடு, "சார், இதுவும் டூர்ல சேர்ந்ததுதான்" என்றான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டி பஸ்ஸுக்குள் வியர்த்து மயக்கம் போடும் நிலைக்குப் போய்விட்டார். கட்டிய 1,200 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. நீங்கள் போவதானால் ஏக்தா நகர் ஸ்டேஷன் வரை ரயிலிலேயே போய்விடுங்கள்.

சிலை 182 மீட்டர். 2018 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள், ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் செலவு. நர்மதை ஓரத்தில் அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. கட்டிய பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் குறை சொல்லவே முடியாது. ஆனால் அங்கே எனக்குப் பெருமிதம் வரவில்லை. பக்கத்துக் கிராமத்து ஆதிவாசிகள் நிலம் போனதென்று போராடியது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பார்வை மாடத்துக்குத் தனி டிக்கெட். காசு போதாதென்று மேலே ஏறவில்லை, அதில் வருத்தமும் இல்லை.

அடுத்த நாள் மெமு ரயிலில் ஆனந்த். டிக்கெட் விலை அற்பம், அரைமணி முக்கால்மணிப் பயணம். வழி நெடுக புகையிலையும் வாழையும். இந்தப் பகுதியை சரோதர் என்கிறார்கள், மண் பார்த்தாலே வளமானது என்று தெரிகிறது. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோக்காரர் அமுல் டெய்ரிக்கு 250 ரூபாய் கேட்டார். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது! பேரம் பேசவே மனமில்லாமல் நடந்தேன். வெளியூர்க்காரன் என்று தெரிந்தால் ஐந்து மடங்கு கேட்பதில் மட்டும் இந்தியா முழுக்க ஒற்றுமை இருக்கிறது, அதை நினைத்தால் எரிச்சல் இன்னும் தீரவில்லை.

டெய்ரியில் பார்வையாளர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இயந்திரங்களைவிட அந்த இடத்தின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுதந்திரத்துக்கு முன்பு, ஆனந்த் அப்போது இருந்த கேடா மாவட்டத்துப் பாலை பம்பாய்க்கு அனுப்பும் உரிமை முழுக்க பால்சன் கம்பெனியின் கையில் இருந்தது. இடைத்தரகர்கள் சொன்னதுதான் விலை. பால் நிற்காதே, சாயங்காலத்துக்குள் திரிந்துவிடும், விவசாயி என்ன செய்வான்? சர்தார் படேலிடம் போய் முறையிட்டார்கள். நீங்களே கூட்டுறவு அமைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946 ஜனவரி 4, சமர்கா கிராமத்தில் கூட்டம். பிறகு 15 நாள் பால் வேலைநிறுத்தம். ஒரு சொட்டுப் பால்கூட வியாபாரிக்குப் போகவில்லை. அந்த டிசம்பரிலேயே, பின்னால் அமுல் என்று பெயரெடுத்த சங்கத்தைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் இரண்டே கிராமம், நாளைக்கு 247 லிட்டர். படேலுடைய ஊரான கரம்சத் ஆனந்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே அவர் குடும்ப வீடும் நினைவகமும் உண்டு. அந்தச் சின்ன ஓட்டு வீட்டின் முன்னால் நின்றபோது, 182 மீட்டருக்குக் கீழே வராத மரியாதை எனக்கு வந்தது. இவருக்கு நிஜமான நினைவுச் சின்னம் இந்தப் பால் சங்கம்தான் என்பேன்.

குரியன் 1949-இல் இங்கே வந்தது விருப்பப்பட்டு அல்ல. அரசு உதவித்தொகையில் வெளிநாட்டில் படித்ததற்காக, சொன்ன இடத்தில் வேலை பார்க்க வேண்டிய கட்டாயம். கிறிஸ்தவர், கல்யாணம் ஆகாதவர், கறி சாப்பிடுபவர் என்பதால் வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை. ஒரு கார் ஷெட்டில் தங்கினார். இன்றும் அதே காரணங்களுக்காக நம் நகரங்களில் வீடு மறுக்கிறார்கள் என்பதை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அதே ஊரில் திருபுவன்தாஸ் படேல் என்ற காந்தியவாதி, சங்கத்தின் தலைவர், இந்த மலையாளியை நம்பி மொத்தப் பொறுப்பையும் கொடுத்தார். எருமைப் பாலில் பவுடர் செய்யவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னபோது, குரியனின் நண்பர் தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-இல் அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தவர் நேரு. 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி வந்தார். பிரதமராக இருந்தும் பக்கத்து அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் ராத்தங்கினார். மறு வருஷம் தேசிய பால்வள வாரியம் பிறந்தது, தலைமையகம் டெல்லியில் இல்லை, ஆனந்தில். 1970-இல் நாடு முழுக்கப் பால் உற்பத்தியைப் பெருக்க வெண்மைப் புரட்சித் திட்டம். 1998-இலிருந்து உலகத்தில் அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24 கணக்குப்படி சுமார் 23.9 கோடி டன். இதில் பெரும்பகுதி இரண்டு மாடு, மூன்று எருமை வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வருகிறது.

சரி, சொசைட்டிக்கு வருகிறேன். டெய்ரி வாசலில் வயதான இன்னொரு ஆட்டோக்காரரைப் பிடித்தேன். இவர் நியாயமானவர். என் அரைகுறை ஹிந்தியில் கிராமத்துச் சங்கத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டதும், "எங்க வீட்டுலயே ரெண்டு எருமை இருக்கு, சாயங்காலம் என் சம்சாரம் பால் ஊத்தப் போவா, வாங்க" என்று கூட்டிப்போனார். போகவர 300 ரூபாய் மட்டும்.

ஒரு அறை, வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழே வரிசை. முக்கால்வாசிப் பேர் பெண்கள். சில்வர் தூக்கு, சின்ன கேன், ஒரு பையன் கையில் ஒரு லிட்டர் சொம்பு. எல்லாப் பாலும் ஒரே தொட்டியில்தான் விழுகிறது, யார் என்ன சாதி என்று பிரிக்க வழியில்லை. கவுண்டரில் பாலை ஊற்றினால் எடை விழுகிறது, சோதனைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் வைக்கிறார்கள். சில நொடிகளில் திரையில் ஃபேட், அதாவது கொழுப்பு எவ்வளவு சதவீதம் என்று வருகிறது, கூடவே ரசீது. கொழுப்பு குறைந்தால் விலையும் குறையும். பணம் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். நம்மூரில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மாவுக்கு 3.2 லிட்டர், ஃபேட் 6.1 என்று வந்தது. ரசீதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகரவில்லை. காலையில் 6.8 இருந்தது, அதே எருமை, அதே தீவனம், இப்போது எப்படிக் குறையும் என்று செயலாளரைப் பிடித்துக்கொண்டார். குஜராத்தி புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. பின்னால் நின்றவர்கள் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. செயலாளர் மறுபேச்சுப் பேசாமல் மாதிரியை மறுபடி கலக்கி, இயந்திரத்தைத் துடைத்து, மறுபடி வைத்தார். 6.7. பழைய ரசீதைக் கிழித்துவிட்டுப் புதுசு கொடுத்தார். பாட்டி நன்றிகூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர், செயலாளர் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். எழுதப் படிக்கச் சிரமப்படும் ஒரு கிழவி, கணக்குச் சரியில்லை என்று நேருக்கு நேர் சொல்கிறார், அதிகாரத்தில் இருப்பவர் உடனே சரிபார்க்கிறார். இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை, கிட்டத்தட்ட எண்பது வருஷமாக, காலையும் மாலையும், எந்தக் கட்சி ஆண்டாலும் நடக்கிறது. குஜராத்தில் மட்டும் 18,600 கிராமங்களில் 36 லட்சம் பேர் இப்படிப் பால் ஊற்றுகிறார்கள். நான் தேடிப்போன இந்தியா இதுதான். என் நாடு என்று இதைக் காட்டி யாரிடமும் பேசுவேன்.

மூடி மறைத்து எழுத விரும்பவில்லை. இதே ஆனந்த் மாவட்டத்தில்தான் ஓட் என்ற கிராமம் இருக்கிறது. 2002 மார்ச் 1 அன்று அங்கே முஸ்லிம் குடும்பங்களை வீட்டோடு வைத்துக் கொளுத்தினார்கள். ஒரே தொட்டியில் பால் ஊற்றிய மாவட்டம்தான் அது. கூட்டுறவு அதைத் தடுக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டேதான் பெருமைப்படுகிறேன். பெருமைப்பட வேண்டுமென்றால் இதை மறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

பாலிலும் அரசியல் புகுந்துவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் கர்நாடகத் தேர்தல் நேரத்தில் அந்த மாநிலக் கூட்டுறவின் நந்தினி பாலா, அமுலா என்று பெரிய சண்டை. அந்த வருஷம் மே மாதம் அமுல் தமிழ்நாட்டில் பால் கொள்முதல் செய்வதை நிறுத்தச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் பகுதிக்குள் இன்னொரு கூட்டுறவு புகுந்து வாங்காது என்பது வெண்மைப் புரட்சியின் பழைய மரபு. ஸ்டாலின் சொன்னது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். நம் ஆவினும் ஆனந்த் மாதிரியைப் பார்த்து வந்ததுதான். தாய்ச் சங்கம் பிள்ளைச் சங்கத்தின் தட்டில் கைவைக்கக் கூடாது. இதை ஆட்டோக்கார அண்ணனிடம் சொன்னபோது, அவரும் தலையாட்டினார். "எங்க பாலை பால்சன் எடுத்தான்னுதானே எங்க தாத்தா சண்டை போட்டார்" என்றார்.

ஆனந்தில் சாப்பாடு ஒரு தனிக் கட்டுரைக்குத் தாங்கும். ஸ்டேஷன் பக்கம் ஒரு தாலி கடை, 220 ரூபாய், வேண்டிய மட்டும் போடுகிறார்கள். ஜனவரி என்பதால் உந்தியு இருந்தது. சேனை, கத்திரிக்காய், அவரை, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் எண்ணெயில் குழைய வெந்து வருகிறது. சுடச்சுட மெல்லிய ரோட்லி, தட்டில் காலியாகும் முன்பே அடுத்தது விழுகிறது. பருப்பில் வெல்லம் போடுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை, அது தப்பு. ஆனால் அந்த மோர்! சீரகம் வறுத்துப் போட்டது, கணக்கில்லாமல் குடித்தேன். பரிமாறிய தம்பி, சென்னை என்று தெரிந்ததும் இன்னொரு கரண்டி உந்தியு வைத்து, "அங்க இது கிடைக்காது, சாப்பிடுங்க" என்றான். வதோதராவில் சேவ் உசளும் கட்டாயம் சாப்பிடுங்கள், காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும், 50 ரூபாய்க்கு வயிறு நிறைந்துவிடும்.

செலவுக் கணக்கு சுருக்கமாக: ரயில் போகவர ஸ்லீப்பரில் இரண்டாயிரத்துக்குள். ஆனந்தில் ரூம் 900, சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும். வெட்டிச் செலவு அந்த டூர் பஸ் ஒன்றுதான், அந்தக் காசில் இன்னும் ஒரு நாள் தங்கி அஜர்புராவையும் பார்த்திருக்கலாம். சங்கத்துக்குப் போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போங்கள், வரிசை அப்போதுதான் சேரும். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். திரும்பி வர டிக்கெட் ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள், பொங்கல் முடிந்த வாரத்தில் சென்னைக்கு வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நிற்கிறது.